இழுத்தால் விட வேண்டும்

அவள் சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நாய்க்குட்டி மிளகின் அலறல் கேட்டுத்தான் ஓடி வந்தாள். அதைக் காணோம். சோபாவில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கையில் அதன் நகவெட்டி. புது வேட்டியில் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

"ஒரு நிமிசம் இறுக்கிப் புடிச்சா முடிஞ்சுது அம்மிணி. இதுக்குப் போயி ஒரு மாசமா கொஞ்சிட்டிருக்கறே."

இன்று அவள் மகள் குழலிக்குக் காதுகுத்து. வருகிறவர்களின் பட்டுச்சேலையை நாய் பிராண்டிவிடுமாம். அதனால் வெட்டினாராம்.

யார் கேட்டார்கள் இவரை?



ஒரு மாதம். முதலில் நகவெட்டியைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா வைத்தாள், மோந்து பார்க்கட்டும் என்று. பிறகு பாதத்தைத் தொட்டு, உடனே விட்டு, ஒரு துண்டு ஈரல். பிறகு காற்றில் வெட்டிக் காட்டி அந்தச் சத்தத்தைப் பழக்கினாள். ஈரல் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்வது குழலியின் வேலை. நாலு வயதுக்கு அது பெரிய உத்தியோகம்.

சட்டம் ஒன்றுதான். மிளகு காலை இழுத்தால் விட்டுவிட வேண்டும்.

அவள் மறந்தாலும் குழலி மறக்கமாட்டாள். "இழுக்குதும்மா, உடு."

நேற்று மிளகு தானாகவே காலை நீட்டியது. ஒரு நகத்தை வெட்டக் கொடுத்தது. தாயும் மகளும் கைதட்டிக் கூத்தாடினார்கள்.

மிளகுக்குக் கறுப்பு நகம். உள்ளே உயிர்ச்சதை எதுவரை இருக்கிறது என்று வெளியே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சீவ வேண்டும். இவர் வெண்டைக்காய்க் காம்பை அரிகிற மாதிரி ஒரே வெட்டு.

இனி நகவெட்டியைக் கண்டாலே அது ஓடும். அவளைக் கண்டாலும் ஓடுமோ என்னவோ.

வீடு பரபரப்பானது. நாய்க்காக இல்லை, வேட்டிக்காக. ஒருத்தி எலுமிச்சம்பழம் என்றாள், இன்னொருத்தி சோப்பு என்றாள். சீர்த்தட்டோடு வந்திருக்கிற தாய்மாமனை யார் ஒரு வார்த்தை சொல்வார்கள்? அவர் மடியில் உட்கார்த்தித்தானே பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். கறை போகத் தேய்த்துக் கொடுத்தார்கள்.

ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அவள் கை நிறைய மஞ்சள்தூளை அள்ளிக்கொண்டு ரத்தத் துளிகளின் பின்னால் போனாள். அவை படுக்கையறைக்குள் போயின.

குனிந்து பார்த்தாள்.

கட்டிலுக்கடியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு மிளகு. பக்கத்தில், பட்டுப்பாவாடையோடு குழலி. இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்தியிருந்தாள்.

பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும்.

கூடத்திலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "ஏம்மிணி, நல்ல நேரம் போகுதில்ல? புள்ளையத் தூக்கிட்டு வா. நாங் கெட்டியாப் புடிச்சுக்கறேன்."

குழலி அம்மாவையே பார்த்தாள்.

"நான் இழுத்தா உட்டுருவியாம்மா?"

தேதி குறித்தார்கள். தோடு வாங்கினார்கள். பாவாடை தைத்தார்கள். யாருடைய காதைக் குத்தப்போகிறார்களோ, அவளிடம் மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நாயின் நகத்துக்கு ஒரு மாதம்.

அண்ணன் மேல் வந்த கோபமெல்லாம் இப்போது அவளுக்குத் தன் மேலேயே திரும்பியது.

அவள் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள்.

பட்டுச்சேலையோடு தரையில் படுத்தாள். மஞ்சள் இருந்த கையைக் கட்டிலுக்கடியில் நீட்டி, விரித்து வைத்தாள். நாயையும் தொடவில்லை, பிள்ளையையும் தொடவில்லை.

வெளியே கதவைத் தட்டினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு பலமாகத் தட்டினார்கள்.

தட்டட்டும்.

வெகுநேரம் கழித்துக் குழலி ஒரு காதிலிருந்து கையை எடுத்தாள். மிளகின் காலை மெல்ல அம்மா பக்கம் நகர்த்தினாள்.

இன்னொரு காதை விடவில்லை.