வெள்ளை வந்தால் பெங்களூரு

"நெருப்பை உள்ளங்கையில வெச்சு உருட்டறானாம் ஒருத்தன். அவனைப் படம் வரையறதுக்குப் பெங்களூர்ல சம்பளமாம்! கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?"

மாரியம்மன் கோயில் வாசலில் பெரியப்பா குப்புராஜின் குரல் தெருமுனை வரை கேட்டது. கோகிலவாணி கைப்பையைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

'ஐம்பூதப் படை' கார்ட்டூன் தொடரில் மண், நீர், நெருப்பு, காற்று, வானம் என்று ஆளுக்கொன்றை ஆட்டிவைக்கும் ஐந்து வீரர்கள். சிறு வயதிலிருந்து அவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் வரையவே கற்றாள். இப்போது அதன் அடுத்த பாகத்துக்கு அவளையே ஓவியராக எடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

அப்பா இல்லாத வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவரோ காரிமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், அத்தனை சொந்தமும் கேட்க, "எங்க வூட்டுப் பொண்ணு பொம்மை வரைய ஊர் தாண்டாது" என்று சொல்லிவிட்டார். அம்மா காவேரி அழுது தீர்த்த பிறகு ஒரு படி இறங்கினார்.

"சரி, அம்மன்கிட்டப் பூ கேப்போம். வெள்ளை அரளி வந்தா போவட்டும். செவப்பு வந்தா அப்புறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

பூவை அவரே பறித்தார். கதவைச் சாத்திக்கொண்டு, வாழையிலையில் மடித்து, நாரால் கட்டி, இரண்டு பொட்டலங்களையும் தட்டில் வைத்து அவரே தூக்கி வந்தார்.

"பாத்து மச்சான்" என்று சிரித்தார் கூட வந்த ராஜாமணி. "அந்தக் காத்துக்காரன் வந்து பூவை ஊதித் தள்ளிடப் போறான்!"

"அவன் எங்க ஊதறது? போன வாரந்தான் தண்ணிக்காரி அவனை ஐஸ்கட்டி ஆக்கிட்டாளே" என்று முறைத்துவிட்டு, தட்டைப் படியில் வைத்து, கால் கழுவக் குழாயடிக்குப் போனார் பெரியப்பா. ராஜாமணியும் பின்னாலேயே போனார்.

அம்மா அவள் கையைக் கிள்ளினாள். "இப்பவே மாத்திடு. ரெண்டுலயும் செவப்புதான் வெச்சிருப்பாரு, எனக்குத் தெரியும்."

கோகிலவாணி கைப்பையைத் திறந்தாள். விடிவதற்குள் இருவருமாகக் கட்டி வைத்த இரண்டு பொட்டலங்கள். இரண்டிலும் வெள்ளை.

"அம்மனை ஏமாத்தறோமேம்மா..."

"அம்மனை இல்லடி, உங்க பெரியப்பாவை."

தட்டிலிருந்தவை பைக்குள் போயின. பையிலிருந்தவை தட்டில் அமர்ந்தன.

பூசாரி தட்டை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். சாமி கும்பிட வந்திருந்த ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார். தெரிந்த முடிவுதான் என்றாலும் கோகிலவாணி சிறுமியின் விரல்களையே பார்த்தாள்.

"வெள்ளை!" என்றார் பூசாரி.

அம்மா பெருமூச்சு விட்டாள். பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு ராஜாமணி பக்கம் திரும்பினார்.

"பாத்துக்கப்பா. நான் சொன்ன சொல்லு மாறல. அம்மனே அனுப்பறா, நான் யாரு தடுக்க? நாளைக்கு எவனாச்சும் கேட்டா அம்மனை வந்து கேக்கச் சொல்லு!"

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "திங்கக்கெழம நானே பஸ் ஏத்தி விடறேன் பாப்பா" என்றார்.

பையில் கிடந்தவை உறுத்த, கோகிலவாணி யாரும் பார்க்காதபோது கோயிலின் பின்பக்கம் போனாள். எறிவதற்கு முன் மனசு கேட்காமல் ஒன்றைப் பிரித்தாள்.

வெள்ளை.

சுருக்கென்றது. அப்படியானால் ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு என்று பெரியப்பா நியாயமாகத்தான் வைத்திருக்கிறார். அவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கூசியபடி இன்னொன்றையும் பிரித்தாள்.

அதிலும் வெள்ளை.