மணியடிக்கும் குஞ்சு

கூண்டுக்குள் ஐந்து குஞ்சுகள். உக்கடத்தில் கிளி வளர்த்து விற்கும் மயில்சாமி, கொழுகொழுவென்று இருந்த ஒன்றைக் கையில் எடுத்தார்.

"இது நல்லாப் பேசுமுங்க."

"பேசறதெல்லாம் எனக்கு வேண்டாமுங்க," என்றார் நஞ்சப்பன்.

அந்த நேரம் பார்த்து மேசைமேல் இருந்த டெலிபோன் அடித்தது. நாலு குஞ்சுகள் கண்டுகொள்ளவே இல்லை. மூலையில் கிடந்த நோஞ்சான் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ட்ரிங்... ட்ரிங்..." என்றது.

"இதைக் குடுங்க!"

மயில்சாமி சிரித்துக்கொண்டே அதை எடுத்து நஞ்சப்பன் கையில் கொடுத்தார். "ஊட்டுக்கு இன்னும் போன் வரலீங்களா?"

நஞ்சப்பனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"எழுதிக் குடுத்து ஆறு வருசமாச்சுங்க. எதிர் ஊட்டுச் சென்னியப்பனுக்கு மட்டும் போன மாசமே வந்துபோடுச்சு. காத்தாலயிருந்து பொழுதுக்கும் மணியடிக்குது. தையில எம்பொண்ணைப் பாக்க வாராங்க. போன் இருக்கற ஊடுன்னு தரகர் வேற சொல்லிப்போட்டாரு. அவங்க வர்றப்ப உள்ளே மணியடிச்சே ஆகோணுமுங்க."

"எந்த வீதிங்க?"

"பீளமேட்டுல, மில்லுக்குப் பின்னால."

"அடடே, மோட்டார் கடைச் சென்னியப்பனுங்களா? இதோட அண்ணனைப் போன மாசம் அவர்தானுங்க வாங்கிட்டுப் போனாரு!"

நஞ்சப்பன் யோசித்துப் பார்த்தார். எதிர் வீட்டில் மணிச்சத்தம்தான் கேட்டிருக்கிறது. ஒருநாள்கூட யாரும் "ஹலோ" சொல்லிக் கேட்டதில்லை.

நோஞ்சானை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, மொதல்ல காட்டுனீங்களே, அந்தப் பேசற குஞ்சையும் சேத்துக் குடுங்க. நம்மூட்டுல மணியடிச்சா, ஹலோன்னு எடுத்துப் பேசோணும்!"