அடையாளம் வச்ச மெமரி

"பழசை நம்ம தலையில கட்டப் பாக்குறா. உஷாரா இரு."

என் வீட்டுக்காரர் காதோரமாத்தான் சொன்னார். ஆனா கடைக்கார அக்காவுக்கும் நல்லாவே கேட்டிருக்கும்.

அவங்க பாவம், எங்க கம்ப்யூட்டரைத் திறந்து வச்சுக்கிட்டு நிதானமா விளக்கிட்டு இருந்தாங்க.

"இது பழைய போர்டும்மா. டிடிஆர் த்ரீ மெமரிதான் சேரும். இப்ப புதுசா வர்ற மெமரியில அடியில இருக்கிற வெட்டு வேற இடத்துல இருக்கும், இந்த ஸ்லாட்ல உக்காரவே உக்காராது. புது த்ரீ தேடினா கிடைக்கிறதும் கஷ்டம், விலையும் கட்டுப்படியாகாது. ஒரு பழைய மெஷின்ல கழட்டினது நாலு ஜிபி இருக்கு. டெஸ்ட் பண்ணி, கியாரண்டியோட போட்டுத் தரேன்."

"கழட்டினதா? யாரு மெஷின்ல? எவன் எங்க சுட்டதோ, யார் கண்டா?" இவர் குரலை உயர்த்தினார். "திருட்டுச் சாமான் எங்க வீட்டு வாசப்படி ஏறக் கூடாது, ஆமா."

எனக்கு உடம்பே கூசிப்போச்சு.

நான் வீட்டுலேயே ஒரு அச்சகத்துக்குப் புத்தகம் டைப் பண்ணி, பக்கம் கட்டித் தர்றேன். இந்தத் தடவை வந்தது படம் நிறைய வச்ச தடிப் புத்தகம். ஃபைலைத் திறந்தாலே மெஷின் அப்படியே நின்னுடுது. திங்கட்கிழமை பக்கம் வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னு அச்சகக்காரர் கறாரா சொல்லிட்டார். அந்த வேலை போச்சுன்னா செருப்பு வாங்கக்கூட இவர்கிட்டதான் கை நீட்டணும். காய்கறிக்குக் கொடுத்ததுக்கே நாலு கேள்வி கேக்குற மனுஷர்.

"அக்கா சொல்றதையே போட்டுக்கலாங்க" என்றேன்.

"நீ சும்மா இரு. உனக்கு ஊர் உலகம் தெரியாது." அக்கா பக்கம் திரும்பினார். "எந்த மாதிரி வேணும்னு மட்டும் சொல்லும்மா. நானே கொண்டு வரேன்."

அக்கா முகம் சுளிக்காம, உள்ளே இருந்த மெமரியைக் கழட்டிக் காட்டினாங்க. "இதே மாதிரி நீளமானது. லேப்டாப்புக்குப் போடுற குட்டை வேண்டாம். ஸ்பீடும் இதே ஸ்பீடா இருந்தா நல்லது."

இவர் அதை முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கிட்டார்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுட்டு மத்தியானமே வந்துட்டார். கைக்குட்டைக்குள்ள பத்திரமா ஒரு மெமரி.

"எங்கங்க கிடைச்சுது?"

"தெரிஞ்ச இடம். சுத்தமான சாமான். சல்லிசா முடிச்சுட்டேன்."

சும்மா சொல்லக் கூடாது, அவர் மேல எனக்குக் கொஞ்சம் மரியாதையே வந்துடுச்சு.

கடையில அக்காவோட மேஜை மேலேயே கவிழ்ந்து நின்னார். "என் கண்ணு முன்னாடியே போடும்மா. உள்ள எடுத்துட்டுப் போற வேலையெல்லாம் வேண்டாம். அதுல அடையாளம் இருக்கு. மாத்தினா கண்டுபிடிச்சுடுவேன்."

"மாத்தி நான் என்ன சார் கோட்டையா கட்டப் போறேன்?" அக்கா அதோட அடியில இருந்த தங்க நிறப் பல்லை ரப்பரால தேய்ச்சுச் சுத்தம் பண்ணி, ஸ்லாட்ல வச்சு அமுக்கினாங்க. டக்குனு உக்காந்துச்சு.

மெஷின் ஆன் ஆச்சு. புத்தகத்தைத் திறந்தேன். எழுத்து, படம் எல்லாம் மளமளன்னு வந்து நின்னுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்பாடா, பொழைச்சேன்னு இருந்துச்சு.

"பாத்தியா? நாலு பேரைச் சந்தேகப்பட்டாத்தான் இந்தக் காலத்துல காலம் தள்ள முடியும்" என்றார் இவர்.

அப்பதான் அக்காவுக்கு போன் வந்துச்சு.

"சொல்லுண்ணா... டிடிஆர் த்ரீயா? ஒண்ணு இருக்கு, எடுத்து வைக்கிறேன்... காணாமப் போச்சா? அடப்பாவமே... சரி, யாராச்சும் விக்க வந்தா பாக்குறேன். என்ன அடையாளம்? மூலையில சிவப்புப் பொட்டா?"

சொல்லிக்கிட்டே திறந்து கிடந்த எங்க மெஷினுக்குள்ள பார்த்தாங்க. "அப்புறம் பேசறேண்ணா"ன்னு போனை வச்சுட்டாங்க.

நானும் குனிஞ்சு பார்த்தேன். சிவப்புப் பொட்டு. அது என்னோட நெயில் பாலிஷ். ஆசையா வாங்கி ஒரே ஒரு தடவை பூசின பாட்டிலை, "ஆஃபீஸ்ல ஒருத்தனையும் நம்ப முடியல, எல்லாச் சாமான்லயும் அடையாளம் வைக்கணும்"னு போன வருஷம் இவர்தான் எடுத்துட்டுப் போனார்.

"நேரமாச்சு, கிளம்பு." இவரே மூடியை எடுத்து மெஷினை மூடப் போனார்.

நான் அவர் கையைத் தள்ளிட்டு, அக்காகிட்ட கேட்டேன். "போன்ல யாருக்கா? என்ன காணோமாம்?"

"எங்கண்ணன்மா. ஆஃபீஸ் ஆஃபீஸா சர்வீஸுக்குப் போறவன். ஒரு ஆஃபீஸ்ல ரிசப்ஷன் மெஷினோட மெமரியை ராத்திரியோட ராத்திரியா யாரோ உருவிட்டாங்களாம்."

"யாரைச் சந்தேகப்படுறாங்க?"

அக்கா இவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாங்க. "கூட்டிப் பெருக்குற அம்மாவை. காலையில ஸ்டோர் பாக்குற சார் எல்லார் முன்னாடியும் அந்தம்மா பையைத் தலைகீழாக் கொட்டிப் பாத்தாராம். ஒண்ணும் கிடைக்கல. இருந்தாலும் இனிமே வேலைக்கு வராதேன்னுட்டாங்களாம். அந்தம்மா போக மாட்டேன்னு இன்னும் வாசல்லயே உக்காந்திருக்காங்களாம்."

என் புத்தகம் திரையில திறந்தபடியே இருந்துச்சு. நான் அதை மூடினேன். மெஷினையும் அணைச்சேன்.

"கழட்டிக் குடுங்கக்கா, அந்தம்மா எழுந்து போறதுக்குள்ள நாங்க அங்க போகணும்" என்றேன். "அந்த ஸ்டோர் சார் இவர்தான்."