ஓடையைத் துலக்கியவர்கள்

விருந்தினர் மாளிகைக்குக் கீழே ஓடும் மலையோடையைத் தவசியும் அவன் மனைவி பூவாத்தாளும் சமையல் பாத்திரத்தைப் போலத் துலக்கி வைத்திருந்தார்கள். விழுந்த கிளைகளை அவன் இழுத்துக் கரையில் போட்டான். கற்களில் படிந்த பாசியை அவள் தேங்காய் நாரால் தேய்த்தாள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அதில் ட்ரவுட் மீன்கள் வரவர உடல் வற்றி வெறும் தலைகளாக நீந்தின. பிறகு தலைகளும் இல்லை. விருந்தினர் தூண்டில் போட மீனே இல்லை, இப்படியே போனால் ஓடையைப் பராமரிக்க வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார் மாளிகை மேனேஜர்.

ஆடிக்காற்றில் ஒரு மரம் ஓடைக்குக் குறுக்கே சாய்ந்தது. மழை விட்டு, தவசி கோடரியோடு இறங்கியபோது புரட்டாசி ஆகிவிட்டது. ஓங்கிய கையை இறக்கிவிட்டு அவன் குனிந்தே நின்றான். மரத்தில் சிக்கி அழுகிய இலைகளை, மணல்துகள்களைச் சட்டையாக ஒட்டிக்கொண்ட புழுக்கள் மென்றுகொண்டிருந்தன. அடிமரத்தின் நிழலில் உடம்பெல்லாம் புள்ளியோடு ஒரு மீன் கொழுத்துக் கிடந்தது.

"ஏனுங்க, வெட்டலீங்களா?"

"உள்ள ஆளு இருக்குது புள்ள."

அவள் எட்டிப் பார்த்தாள். "இந்தக் குப்பையவா மீனு திங்குது?"

"குப்பையப் புழு திங்குது, புழுவ மீனு திங்குது. நாமதான் சோத்துப்பானையக் கழுவிக் கவுத்து வச்சுட்டோம்."

மறுநாள் காலையில் பூவாத்தாள் வாசலில் பெருக்கிய சருகுகளைக் கூடையோடு கொண்டுபோய் ஓடையில் கொட்டினாள். வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பந்தியில் யாராவது மறுசோறு கேட்பார்களோ என்று காத்திருப்பவளைப் போல அங்கேயே நின்றாள்.