ஒட்டிக்கொண்ட நகல்கள்
மதிய வெயில் மேஜையில் சாய்ந்து கிடக்கிறது. மருந்து செலுத்தும் பம்பின் மென்பொருளில் அளவு வரம்பைத் திருத்திய தலைமை நிரலாளர் கண்ணாடியைத் துடைத்தபடி, "ஒரே ஃபங்ஷன், ஒரே வரிதான் மாத்தினேன்! ஃபங்ஷனல் மொழியோட அழகே இதுதாம்மா" என்று பிரசங்கம் செய்கிறார். சோதிப்பவள் மேஜைமேல் ஓடும் பம்பையே பார்க்கிறாள். பழைய வரம்பு பத்து, புது வரம்பு ஐந்து. பம்பின் திரையில் மருந்தளவு காட்டும் எண் ஏழைத் தொடுகிறது. எச்சரிக்கை மணி வாய் திறப்பதாக இல்லை. குழாய் நுனியில் சொட்டு விழுந்துகொண்டே இருக்கிறது. "சார், அது இன்லைன் ஃபங்ஷன். கூப்பிட்ட இடத்துலயெல்லாம் பழைய நகல் ஒட்டிக்கிட்டிருக்குமே, புது வரி அங்கேயும் ஏற, மத்த பகுதிகளையும் திரும்பக் கம்பைல் பண்ணீங்களா?" "வேகத்துக்காக இன்லைன் போட்டதே நான்தான், எனக்கே பாடமா?" என்று சிரிக்கிறார், துடைக்கும் கை மட்டும் நின்றுபோகிறது. தொலைபேசி அடிக்கிறது; அவள் எடுக்கிறாள். ஆஸ்பத்திரி நர்ஸின் குரலில் அத்தனை நிம்மதி: "சரியாயிடுச்சுன்னு சாரே சொன்னாரு, பதினொரு நோயாளிக்கும் அந்தப் பம்பை மாட்டிட்டோம்மா." மேஜையில் எண் எட்டாகிறது.