எட்டாவது கேள்வி

"பத்துக்குப் பூஜ்யமா, மிஸ்?"

கேட்கும்போதே வெல்டருக்குக் குரல் இறங்கிவிட்டது. பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தார். சட்டையில் பொறி பட்ட ஓட்டைகள். பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்.

"எட்டாவது கேள்விக்கு மட்டும்தாங்க," என்றாள் வகுப்பாசிரியை. "இது பாடப் பரீட்சை இல்ல. பிள்ளைங்க எப்படிப் பழகுறாங்க, அடுத்தவங்க கஷ்டம் அவங்களுக்குப் புரியுதான்னு பாக்குறது. கணக்குல தொண்ணூத்தாறு வாங்குற பொண்ணு என்ன எழுதியிருக்கா, பாருங்க."

தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

'உனக்கு வேண்டியவர் அழுதால் என்ன செய்வாய்?'

அருகில் உட்காருவேன், காரணம் கேட்பேன், பெரியவர்களிடம் சொல்வேன். கொடுத்திருந்த இந்த மூன்று விடைகளையும் அடித்துவிட்டுக் கீழே மகள் எழுதியிருந்தாள்: 'டிவி சத்தத்தைக் கூட்டுவேன்.'

அவருக்கு முகம் சுண்டிப்போனது.

"திமிருங்க மிஸ். வீட்டுலயும் இதே கூத்துதான். நான் வேலை முடிஞ்சு வந்து குளிக்கப் போனா போதும், டிவி அலறும். போன வாரம் ரிமோட்டைப் போட்டு உடைச்சுட்டேன். உடைச்சிருக்கக் கூடாதுதான்."

"அப்புறம் அடங்கிட்டாளா?"

"எங்க! இப்ப வாய்ப்பாடு. தம்பியையும் சேத்துக்கிட்டு, தெருவுக்கே கேக்குற மாதிரி ஒப்பிக்கிறா."

"அதான் தொண்ணூத்தாறு." ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள். "அவ அம்மா தவறி எட்டு மாசம் ஆச்சு இல்ல? அவ அழுதாளா?"

"ஒரு சொட்டு இல்ல. தூக்கிட்டுப் போனப்பகூட தம்பியை இடுப்புல வெச்சுக்கிட்டுக் கல்லு மாதிரி நின்னா."

"நீங்க எப்படி இருக்கீங்க? கண்ணெல்லாம் சிவந்திருக்கே."

"வெல்டிங் வெளிச்சம் மிஸ். எங்க வேலையில எல்லாருக்கும் இப்படித்தான்."

ஆசிரியை காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கு மேலே ஒரு வரி இருந்தது. 'பிறர் துயரம் உணர்தல்: இல்லை.'

"இது அடுத்த வகுப்புக்கும் இவளோடயே போகுமா?"

"போகும்," என்றாள் ஆசிரியை, தாளைப் பார்த்துக்கொண்டே.

வெளியே வராந்தாவில் மகள் இரண்டு பைகளையும் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு, குனிந்து தம்பிக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை.

"ஏண்டி, மனுஷங்க அழுதா டிவி சத்தத்தைக் கூட்டுவியா? மனசுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

அவள் லேஸை முடிந்துவிட்டு நிமிர்ந்தாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக் குனிய வைத்து, அவன் காதில் விழாதபடி சொன்னாள்:

"குழாயைத் திறந்துவிட்டாலும் நீ அழறது வெளியில கேக்குதுப்பா. தம்பி பயந்துக்கறான்."