சிவப்புக் காரின் கிளட்ச்

நாமக்கல்லில் பரமத்தி சாலையோரம், பழைய கார்கள் விற்கும் இடத்தின் தகரக் கூரைக்கடியில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. கூரை ஓட்டைகள் வழியே இறங்கும் மூன்று மணி வெயில் அதன் தாழ்ந்த முகப்பில் வட்ட வட்டமாக விழுந்து கிடக்கிறது. இளஞ்செழியன் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே இறங்கி உட்காருகிறார். இருபத்திரண்டு வருடம் ஊர் ஊராகப் போர்வெல் லாரி ஓட்டியவர். இப்படியொரு கார் வாங்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலேயே மனைவி சௌமியாவிடம் சொன்னவர். "புதுசுன்னா இதுக்கு ரெண்டு மடங்கு வெலைங்கண்ணா. இது பன்னண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்குது," என்கிறார் விற்பவர். சௌமியா டயர்களைக் குனிந்து பார்க்கிறாள். பெயிண்ட் மாறியிருக்கிறதா என்று கதவோரத்தை விரலால் தடவுகிறாள். குறை எதுவும் அகப்படவில்லை. இன்ஜின் உறுமுகிறது. கூரைமேல் இருந்த புறாக்கள் சடசடவென்று எழும்புகின்றன. இளஞ்செழியன் கிளட்சை மிதிக்கிறார். போன வருடம் இரும்புக் குழாய் விழுந்து நொறுங்கிய இடது முட்டி பாதியிலேயே நின்றுவிடுகிறது. கையால் தொடையை அழுத்திப் பார்க்கிறார். உதடு வெளுக்கிறது. "கிளட்ச் இறுக்கமா இருக்குதுங்களா?" என்று விற்பவர் குனிகிறார். "இல்லீங்க. வண்டி நல்லாத்தான் இருக்குது," என்று சொல்லி இன்ஜினை அணைக்கிறார். சௌமியா கதவருகே வந்து தணிந்த குரலில், "ஏனுங்க, நான் ஓட்டறனுங்க. நீங்க பக்கத்துல உக்காந்துக்குங்க," என்கிறாள். அவர் நிமிர்ந்து எதிரே பார்க்கிறார். கண்ணாடிக்கு அப்பால் சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுக்கிறார். இன்னொரு கை நெடுநேரம் அங்கேயே இருக்கிறது. பிறகு அதையும் எடுத்து, தூக்கிவிடச் சொல்லி அவளிடம் நீட்டுகிறார்.